கண்ணாடியை உடைக்காதே

நீங்கள் கொடுத்த டீயில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். குறையாகச் சொல்லவில்லை, ஐயா. பிள்ளைக்குப் பல் கெட்டுவிடும் என்று என் மனைவி வீட்டில் சர்க்கரை டப்பாவையே மேல் அலமாரியில் ஏற்றிவிட்டாள். அந்தப் பழக்கத்தில் நாக்கு கூசுகிறது, அவ்வளவுதான். வேண்டுமானால் விசிறியை நிறுத்திவிடுங்கள், காகிதம் பறக்கிறது. நான் எங்கும் ஓடப்போவதில்லை. நிதானமாகவே சொல்கிறேன், நீங்களும் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் கீல் ஆணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். காலையில் உங்கள் ஸ்டேஷன் ஆள் ஒருவர், "பூட்டு இறுகியிருந்தா கதவை எப்படித் திறப்ப, எதுக்கு அங்க போய் ஆணியைத் தட்டிட்டு இருந்த" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவருக்கு விளங்கவில்லை. பூட்டு இறுகிப்போயிருந்தது உண்மைதான். ஆனால் பழைய வண்டியில் கதவைக் கழற்றுவதற்குப் பூட்டின் தயவு வேண்டியதில்லை. கதவில் ஒரு இரும்புக் குழல், வண்டியின் தூணில் ஒரு குழல், இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார, நடுவே விரல் பருமனில் ஓர் ஆணி. மேல் கீலில் ஒன்று, கீழ்க் கீலில் ஒன்று. இரண்டையும் உருவிவிட்டால் கதவு அந்தப் பக்கமாகக் கழன்று கையோடு வந்துவிடும்.

எங்கள் அப்பாவின் வண்டி அந்தக் காலத்தது. கீல்கள் வெளியே துருத்திக்கொண்டு தெரியும். இரண்டே கதவுகள். கதவின் பின்விளிம்பில் கீல் வைத்து, முன்விளிம்பு திறக்கிற மாதிரி செய்திருப்பார்கள். அப்பா போன பிறகு அதை யாரும் தொடவில்லை. கொட்டகைக் கூரை வலது பக்கமாக ஒழுகியதில் அந்தப் பக்கக் கதவின் ஆணிகள் இரண்டும் குழலோடு ஒட்டி ஒரே இரும்பாகிப் போயிருந்தன. இடது கதவு மட்டும் திறக்கும்.

நான் டிங்கர். நசுங்கின தகரத்தைத் தட்டி நேராக்குவது என் பிழைப்பு. ஒட்டிப்போன ஆணியை எடுக்க வழி இருக்கிறது. மேலே படிந்த பெயின்டைச் சுரண்டிவிட்டு, துருவை இளக்குகிற எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஊறவைக்க வேண்டும். கதவின் பாரம் ஆணிமேல் விழாதபடி அடியில் ஜாக்கி கொடுத்துத் தாங்க வேண்டும். குழலைச் சூடாக்கினால் அது மயிரிழை அளவுக்கு விரிந்துகொடுக்கும். அப்போது அடியிலிருந்து பஞ்ச் என்கிற குட்டை இரும்புக் கம்பியை வைத்துப் பதமாகத் தட்ட வேண்டும். ஆத்திரப்பட்டு ஓங்கி அடித்தால் ஆணியின் முனை காளான் மாதிரி விரிந்துவிடும், அப்புறம் அது குழலுக்குள் நுழையவே நுழையாது. பொறுமைதான் இதில் பாதி வேலை. என்னிடம் பொறுமைக்குக் குறைவில்லை. எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

சுண்டுவைப் பற்றி இனிமேல்தான் சொல்ல வேண்டும்.

அவள் என் அண்ணன் மகள். பிறந்தபோது சுண்டுவிரல் பருமனுக்குத்தான் இருந்தாள், அதனால் நான் வைத்த பெயர் அது. அவளைப் பெற்ற சில நாட்களிலேயே அண்ணி இறந்துபோய்விட்டார். அண்ணன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவன், எழுந்தபோது வெளியூரில் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னான். பிள்ளையை என் மனைவி மடியில் வைத்து, "கொஞ்ச நாள் பாத்துக்கம்மா" என்றான். அந்தக் கொஞ்ச நாளில் அவளுக்குப் பால் பல் முளைத்து, விழுந்து, அடுத்த பல்லும் முளைத்துவிட்டது. எங்களுக்கு வேறு பிள்ளை இல்லை. அவள் வாயில் முதலில் வந்த சொல் அப்பா. சொன்னது என் முகத்தைப் பார்த்து. நான் அப்போது கையில் உப்புத்தாளோடு நின்றிருந்தேன், உடம்பெல்லாம் பெயின்ட் தூசி. அவளுக்கு அது ஒரு பொருட்டாக இல்லை.

அண்ணன் எப்போதாவது பொம்மையோடு வருவான். அவளுக்கு அவன் பெரியப்பா. அப்பாவின் அண்ணன் பெரியப்பாதானே. அவளே அப்படிப் புரிந்துகொண்டாள். நாங்கள் திருத்தவில்லை. அண்ணனும் அப்போதெல்லாம் திருத்தவில்லை. பெரியப்பா என்று கூப்பிட்டால் தலையை ஒரு மாதிரி ஆட்டிச் சிரிப்பான், பொம்மையைக் கொடுப்பான், போய்விடுவான்.

இந்த முறை பொம்மை கொண்டுவரவில்லை. பெரிய பெட்டியோடு வந்தான். வேலை பார்க்கும் இடத்தில் வீடு கொடுத்துவிட்டார்களாம், பக்கத்திலேயே பள்ளிக்கூடமாம்.

"அவள அழைச்சிட்டுப் போறேன்டா. உங்களுக்கும் எவ்வளவு காலத்துக்குப் பாரம்" என்றான்.

நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். அண்ணன் கெட்டவன் இல்லை, அதை நீங்கள் தனியாக எழுதிக்கொள்ள வேண்டும். குடி இல்லை, கோபம் இல்லை, குரல் உயர்த்திப் பேசமாட்டான். கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். நாலு பேரைக் கூட்டி நியாயம் கேட்டிருப்பேன்.

என் மனைவி அன்றைக்குச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள். "அவர் பெத்த பிள்ளை அவ. நமக்கு எழுதியா குடுத்தாரு? நடக்கறதப் பாருங்க" என்றாள். மறுநாளே சுண்டுவின் கவுன்களை எடுத்து வைத்துக்கொண்டு, விட்டுப்போன பொத்தான்களைத் தைக்க ஆரம்பித்துவிட்டாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன். பெண்களுக்குக் கையில் ஏதாவது வேலை இருந்தால் போதும்.

உண்மையைப் பிள்ளையிடம் சொன்னவன் அண்ணன்தான். முன்னறையில் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மெல்லச் சொன்னான். அவள் என்னைப் பார்த்தாள். நான் வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தேன். அதன்பிறகு கொஞ்ச நாள் அவள் யாரையும் எதுவும் சொல்லிக் கூப்பிடவில்லை. ஒருநாள் என் மனைவி கூப்பிடுவது மாதிரியே, "ஏங்க, என் பென்சிலப் பாத்தீங்களா" என்றாள். வீடே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பிறகு ஒரு காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது காலை நீட்டி, "சித்தப்பா, இந்த முடிச்சு வரல, அவுத்து விடுங்க" என்றாள்.

அவிழ்த்துவிட்டேன். ஈரத்தில் இறுகின முடிச்சு, நகம் கொடுத்து நெம்ப வேண்டியிருந்தது. "சித்தப்பான்னாலும் அதுலயும் அப்பா இருக்குல்ல" என்று என் மனைவி பின்னால் வந்து தேற்றினாள். பட்டறைக்குப் போய் ஒரு வேனின் பின்பக்கத்தை மாலைவரை தட்டினேன். ஒடுக்கு எடுத்த இடத்தில் புதிதாக ஒரு ஒடுக்கு விழுந்தது. என் கையில் அப்படி விழுந்ததே கிடையாது.

வண்டி யோசனையும் அண்ணனுடையதுதான். பிள்ளை அவனோடு ஒட்டாமல் ஒதுங்கியே இருந்தாள். "தாத்தா வண்டிய ரெடி பண்ணிடலாம். அது ஓடுற அன்னைக்கு அதுலயே ஏறிப் போறோம், சரியா?" என்று அவளிடம் கைகொடுத்துச் சத்தியம் செய்தான். அவளுக்கு அந்த வண்டி மேல் அப்படி ஒரு ஆசை. அன்றிலிருந்து அவன் பின்னாலேயே சுற்ற ஆரம்பித்தாள். அண்ணன் எஞ்சின் வேலை தெரிந்தவன், ஒரே வாரத்தில் உறுமவைத்துவிட்டான். பிரேக்கைப் பிரித்துப் போட்டான், கதவு முடிந்ததும் மாட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தான். மிச்சம் இருந்தது வலது கதவு. அது தகர வேலை, என் வேலை.

"என்னடா, வருதா?" என்பான் தினமும்.

"ஊறணும்ணா. அவசரப்பட்டா உடைஞ்சிடும்" என்பேன்.

தினமும் காலையில் எண்ணெய் டப்பாவோடு கொட்டகைக்குப் போய் இரண்டு கீலிலும் சொட்டு விட்டுவிட்டு வருவேன். அவன் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பான். நான் கெட்டிக்காரன் என்று பிள்ளையிடம் பெருமையாகச் சொல்வான். டப்பாவில் இருந்தது உப்புத் தண்ணீர். வாசனைக்காகக் கீலின் மேல் கொஞ்சம் எண்ணெய் தடவுவேன். இரும்புக்கு உப்புத் தண்ணீரைப் போலக் கெடுதல் வேறு கிடையாது. உள்ளே துரு ஊதிப் பெருத்துக் குழலை அடைத்துக்கொள்ளும். இதில் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லையே. ஓர் ஆணி கூடுதலாகத் துருவேறியது. ஒவ்வொரு நாளும் சுண்டு எங்கள் கூடத்தில் படுத்துத் தூங்கினாள். நான் கேட்டது அவ்வளவுதான்.

ஆனால் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணன் சொன்னான்: "பள்ளிக்கூடம் திறக்கப்போகுது. ஆணி வரலைன்னா விட்டுடுடா. நாளைக்குச் சாயங்காலம் ரயில்லயே கிளம்பறோம். வண்டிய அப்புறம் வந்து எடுத்துக்கறேன்."

சுண்டு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாள். "ஜன்னல் சீட்டு உனக்குத்தான்" என்றான் அண்ணன். அவ்வளவுதான், வண்டி அவளுக்கு மறந்துபோயிற்று. ஜன்னலில் என்னென்ன தெரியும் என்று கேட்க ஆரம்பித்துவிட்டாள். அவ்வளவு ஆசைப்பட்ட வண்டியை ஒரு வாய்ச் சாப்பாடு உள்ளே போவதற்குள் மறந்துவிட்டாள். நான் கைகழுவப் போனேன். குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றிருக்கிறேன் போலிருக்கிறது. என் மனைவி வந்துதான் மூடினாள்.

மறுநாள் காலையில் அவள் சுண்டுவின் சான்றிதழ்கள் வாங்கப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தாள். சுண்டு பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தாள். "கடைசியா ஒரு தடவ பாத்துடலாம்டா" என்று அண்ணன்தான் என்னைக் கொட்டகைக்குக் கூப்பிட்டான். இடது கதவைத் திறந்து உள்ளே ஏறி, வலது கதவைத் தோளால் நெட்டினான். நான் வெளியிலிருந்து ஆணியைத் தட்டினேன். அசையவில்லை. அசையாது என்று எனக்குத் தெரியும்.

"போதும், விடு. வராது" என்று அவன் இடது பக்கமாக இறங்கினான். ஒரு கால் வெளியே, ஒரு கால் உள்ளே.

அப்போது சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்திருந்த கல் நகர்ந்துவிட்டது. கொட்டகைத் தரை தண்ணீர் வடிவதற்காகப் பின்பக்கம் சரிவாக இருக்கும், நீங்களே பார்த்திருப்பீர்கள். பிரேக் இல்லாத வண்டி மெல்லப் பின்னால் உருண்டது. இடது பக்கம் கூரையைத் தாங்குகிற கல்தூண் இருக்கிறது. திறந்திருந்த கதவு அதில் முட்டி அப்படியே மூடிக்கொண்டது, அவனுடைய தொடையை நடுவில் வைத்து. வண்டி அதோடு நின்றுவிட்டது. அப்பா வண்டியின் கதவு விளிம்பில் தகரம் பெயர்ந்து கத்தி மாதிரி நின்றிருந்தது. அதைத் தட்டி மடக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

அவன் இருக்கையில் குறுக்கே மல்லாந்து கிடந்தான். தலை என் பக்கம், கால் அந்தப் பக்கம்.

"கால் மாட்டிக்கிச்சுடா" என்றான். முதலில் அவனுக்கு வலி தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

"பதறாத. இந்தக் கதவக் கழட்டிட்டு உள்ள வந்து கால எடுத்துடறேன்" என்று சுத்தியலை எடுத்தேன்.

அவன் என்ன நினைத்தானோ, "டேய், கண்ணாடிய உடைச்சிடாத. இந்தக் கண்ணாடி எங்க தேடினாலும் கிடைக்காது" என்றான்.

இது அவன் வாயால் சொன்னது. நான் சேர்க்கவில்லை. தயவுசெய்து அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

நான் வேலையை முறைப்படி ஆரம்பித்தேன். கதவுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தாங்கினேன். பெயின்டைச் சுரண்டினேன். இந்த முறை உண்மையான எண்ணெயை ஊற்றினேன். ஊறுவதற்காக ஓரமாக உட்கார்ந்தேன்.

"என்னடா பண்ற?" என்றான் உள்ளிருந்து.

"ஊறணும்ணா."

கையை நீட்டித் தொடையைத் தொட்டுப் பார்த்தான். பிறகு, "ரத்தம் நிறையப் போகுதுடா. கண்ணாடி போனா போகட்டும், உடைச்சிட்டு உள்ள வா" என்றான்.

"பொறு, ஆணி அசையுது" என்றேன். அசையவில்லை.

தெருவில் இறங்கி நாலு பேரைக் கூப்பிட்டிருந்தால் வண்டியை முன்னால் தள்ளியிருப்பார்கள், கதவு திறந்திருக்கும் என்கிறீர்கள். நியாயம்தான். மறுப்பதற்கு ஒன்றுமில்லை. கூப்பிடு தூரத்தில் சைக்கிள் கடை இருக்கிறது, எதிரே இஸ்திரிக்காரர் இருக்கிறார். அவர்கள் வந்திருந்தால் அண்ணன் அன்று மாலை ரயிலுக்குப் போயிருக்கமாட்டான், ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பான். கால் ஆறியதும் ரயிலுக்குப் போயிருப்பான். நான் எண்ணெய் ஊறக் காத்திருந்த நேரத்தில் யோசித்தது இதைத்தான்.

அப்போது சுண்டு வந்தாள். அண்ணன் உள்ளங்கையால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தான். அந்த வண்டியின் ஜன்னல் உயரம். அவளுக்குக் கை மட்டும்தான் தெரிந்தது.

"என்ன சத்தம்?" என்றாள்.

"உள்ளேருந்து தட்டி எனக்கு ஒத்தாசை பண்றாரு" என்றேன்.

அவள் சிரித்துக்கொண்டே கதவுத் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினாள். அவள் குரல் கேட்டதும் அண்ணன் தட்டுவதை நிறுத்திவிட்டான். பிள்ளை பயந்துவிடக் கூடாது என்று நினைத்திருப்பான், அப்படிப்பட்டவன்தான். பிறகு குரலைச் சமனாக வைத்துக்கொண்டு, "சுண்டு, ஓடிப்போய்ப் பக்கத்து வீட்ல யாரையாவது கூட்டிட்டு வாம்மா" என்றான்.

"விளையாட்டுக்குச் சொல்றாரு. நீ வீட்டுக்குள்ள போய்க் கதவச் சாத்திட்டு உக்காரு. நான் வந்து தட்டினாத்தான் திறக்கணும்" என்றேன்.

அவள் ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். யார் சொல்வதைக் கேட்பது என்று தெரியாமல் அப்படியே நின்றாள். பிறகு வீட்டுக்குள் போனாள். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது.

என் சொல்லைக் கேட்டாள், ஐயா. அவனும் நானும் ஒரே நேரத்தில் சொன்னோம், அவள் நான் சொன்னதைத்தான் கேட்டாள். அந்தப் பிள்ளைக்கு யார் என்ன உறவு என்பதை இதற்குமேல் யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

அண்ணனுக்கும் அது விளங்கியிருக்க வேண்டும். வெகுநேரம் கழித்து, "நீயே வச்சுக்கடா அவள. நான் இனிமே வரவே மாட்டேன். கதவத் திற" என்றான். அவன் சொன்னால் சொன்னதுதான். நான் நம்பினேன். ஆனால் கொஞ்ச நாள் பாத்துக்கம்மா என்று சொன்னதும் இதே வாய்தானே.

இருந்தாலும் அதைக் கேட்ட பிறகு நான் ஆணியை எடுக்க உண்மையாகவே முயன்றேன். அதில் பொய் இல்லை. கேஸ் டார்ச்சைப் பற்றவைத்துக் குழலைச் சிவக்கச் சிவக்கச் சூடாக்கினேன். பஞ்ச் கம்பியை வைத்துத் தட்டினேன். நான் இத்தனை நாள் ஊற்றிய உப்பு உள்ளே இறுகியிருந்தது. ஆணி நகரவில்லை. ஓங்கி அடித்தேன். எந்த டிங்கரும் அப்படி அடிக்கமாட்டான். ஆணி முனை விரிந்துவிட்டது. அதை அரத்தால் ராவி ராவி ஒழுங்காக்கினேன். உள்ளங்கை தோல் உரிந்து அரத்தின் பிடி வழுக்கியது. "வந்துடும்ணா, வந்துடும்ணா" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேனாம், இஸ்திரிக்காரர் தெருவில் கேட்டதாகச் சொல்லியிருக்கிறார். கையில் சுத்தியல் இருந்தது. கண்ணாடி ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அதை உடைக்க எனக்குத் தோன்றவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். தோன்றியது. ஒவ்வொரு அடிக்கும் தோன்றியது.

கீழ் ஆணி முதலில் வந்தது. மேல் ஆணி வந்தபோது உள்ளே சத்தம் நின்று நேரமாகியிருந்தது. கதவைத் தூக்கிச் சுவரோரம் சாத்தினேன், பெயின்ட் உரசாமல் இருக்க அடியில் சாக்கை மடித்துப் போட்டு. திரும்பிப் பார்த்தபோது அண்ணனின் கை வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து அவன் மார்மேல் வைத்தேன்.

என் மனைவி வந்து பார்த்தாள். அவள் கத்தவில்லை. அவனைப் பார்த்துவிட்டு, குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள். பிறகு, எட்ட மூலையில் கிடந்த கல்லைப் பார்த்தாள். வீட்டுக்குள் போய்ச் சுண்டுவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, தன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். பொத்தான் தைத்த கவுன்கள் எல்லாம் பெட்டியிலேயே கிடக்கின்றன. யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள், பிள்ளை மாற்றுத்துணி இல்லாமல் இருப்பாள்.

கல் தானாக நகரவில்லை. அது என் மனைவிக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவன் கால் ஒன்று வெளியே, ஒன்று உள்ளே இருந்தபோது நான்தான் உதைத்தேன். உதைக்கும்போது அவன் செத்துப்போவான் என்று நினைக்கவில்லை. காலில் அடிபடும், பயணம் நிற்கும் என்றுதான் நினைத்தேன். அதன் பிறகு எல்லாவற்றையும் நினைத்துத்தான் செய்தேன். அண்ணனைக் கொன்றது நான்தான். ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை, எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு இடம் மட்டும் சரியில்லை. பிள்ளை சொன்னதாக நீங்கள் படித்துக் காட்டினீர்களே: "உள்ளேருந்து அப்பா தட்டினாங்க, சித்தப்பா கதவத் திறக்கல." அது சுண்டு சொன்னதாக இருக்காது, ஐயா. சின்னப் பிள்ளை, பயத்தில் மாற்றிச் சொல்லியிருப்பாள், அல்லது எழுதியவர் காதில் தவறாக விழுந்திருக்கும். உள்ளே இருந்தது அவளுடைய பெரியப்பா. அதை அடித்துவிட்டு, அப்பா கதவைத் திறக்கவில்லை என்று எழுதுங்கள். கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.